கலம்தராஷுக்குச் சிலுவை

1974 மார்ச் 5, யெரெவான்

அகராதிப் பிரிவில் இன்று முழுக்க ஒரே சொல்லுக்குச் சண்டை. கலம்தராஷ். ஏடு எழுதியவர்கள் நாணல் பேனாவைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி. பாரசீகத்திலிருந்து வந்து, இப்போது துருக்கியில் இருக்கும் வான் ஊர்ப் பக்கத்து ஆர்மேனியப் பேச்சில் ஒட்டிக்கொண்டது.

"செத்த சொல்லும்மா. சிலுவைக் குறி போட்டுத் தள்ளு" என்றார் தலைமை ஆசிரியர்.

சொல் சேகரிக்கும் அரக்சி அசையவில்லை. "எங்கேயாவது ஒரு வாய் இன்னும் சொல்லும். போய்க் கேட்டுட்டு வரேன்."

அவள் அம்மா படுகொலைக்குத் தப்பி வான் ஊரிலிருந்து ஓடிவந்தவள். அம்மா பேசிய எத்தனையோ சொல்லுக்கு அரக்சி தன் கையாலேயே சிலுவை போட்டிருக்கிறாள். இது ஒன்றாவது உயிரோடு அச்சேற வேண்டும் என்கிறாள்.

நாமாகக் கேட்டு வரவழைத்தால் செல்லாது. அவர்களாகச் சொல்ல வேண்டும், இரண்டு பேர் காதால் கேட்க வேண்டும், அச்சேறும்போது சொன்னவர் உயிரோடும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது காது நானாம். பிழைதிருத்துகிறவளுக்கு இது தேவையா?

மார்ச் 9

அஷ்தரக்கில் முகுச் கிழவர் வீடு. வான் ஊரில் பிறந்தவர். பெரியப்பா ஏடு எழுதியவராம். அரக்சி வேண்டுமென்றே மொட்டைப் பென்சிலை எடுத்துப் போனாள். கிழவர் சீவிக் கொடுத்தார், "கத்தி" என்றே சொல்லிக்கொண்டு. நானாக இருந்தால் கேட்டே தொலைத்திருப்பேன். இவள் வாதுமைக்கொட்டை உடைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்!

மார்ச் 16

ஒன்றுமில்லை. பஸ்ஸில் போய் வந்து இடுப்பு போயிற்று.

மார்ச் 23

சொல்லிவிட்டார்!

"மாரோ, என் கலம்தராஷ் எங்கடி? காலாணி வெட்டணும்."

"கத்தின்னு சொல்ல வாய் வராதா உங்களுக்கு?" என்றாள் மாரோ. கிழவரின் மனைவி, வடக்கே லோரி மலைப்பக்கத்துக்காரி. "கட்டிக்கிட்டு வந்த நாளா இதே வான்காரப் பேச்சு."

வேதம் எழுதிய பேனாவைச் சீவிய கத்தி காலாணி வெட்டுகிறது. அரக்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது.

ஆகஸ்ட் 14

முகுச் கிழவர் போய்விட்டார். தூக்கத்திலேயே.

ஆகஸ்ட் 19

அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. கலம்தராஷ் சிலுவையில்லாமல் இருந்தது. சொன்னவர் போய்விட்டார் என்பது யாருக்கும் நினைவில்லை, தலைமை ஆசிரியருக்குக்கூட. நானும் வாயைத் திறக்கவில்லை.

அரக்சிதான் வந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தன் கையாலேயே சிலுவை போட்டாள்.

"விட்டுடேன்டி. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

என்ன பெண் இவள் — என்னால் முடியுமா? முடியாது. சத்தியமாக முடியாது. வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது.

செப்டம்பர் 22

முகுச்சின் நாற்பதாம் நாள் சாப்பாடு. கூட்டம், வேகவைத்த ஆட்டிறைச்சி, மல்பெரிச் சாராயம். பாலாடைக்கட்டியைச் சுற்றிய நூல் அவிழவில்லை. மருமகள் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பல்லை உடைச்சுக்காத" என்றாள் மாரோ. "அந்த அலமாரில கலம்தராஷ் இருக்கு பாரு, எடுத்துட்டு வா."

மருமகளும் போய் எடுத்து வந்தாள். மாரோ நூலை அறுத்து, கட்டியைத் துண்டு போட்டு எல்லாருக்கும் வைத்தாள். தான் சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அரக்சி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

செப்டம்பர் 23

கடைசிப் படி இன்று அச்சகத்துக்குப் போகிறது. சொல் அட்டையில் "சொன்னவர்" என்ற இடத்தில், முகுச்சின் பெயருக்குக் கீழே மாரோ என்று எழுதினாள் அரக்சி. பிறகு படியில் தான் போட்டிருந்த சிவப்புச் சிலுவையைக் காட்டி, அழிப்பானை என்னிடம் நீட்டினாள்.

"நீயே அழி. நீயும்தானே கேட்ட."

அழித்தேன்.