மூன்று மில்லி வளைவு

சார், இன்று காலை அந்தப் பழுப்பு உறை மறுபடியும் என் பட்டறைக்கு வந்தது. மேலே சிவப்பு முத்திரை, உள்ளே நான்காக மடித்த டிராயிங். பிரித்ததும் என் கண் உள்மூலைக்குத்தான் போனது. கூர் இல்லை. வளைவு இருந்தது, மூன்று மில்லி என்று அளவு போட்டு. கீழே உங்கள் கையெழுத்து.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. ஹைதராபாத் நாச்சாரத்தில் என் லேத் இன்னும் ஓடுகிறது. தண்ணீர் பம்புக்கும் மாவு மில்லுக்கும் ஓடுகிறது. உங்கள் பல்கலைக்கழகமும் பாதுகாப்பு ஆய்வகமும் சேர்ந்து செய்யும் வேலைக்காக நான் ஒரு துண்டு இரும்பு வெட்டி இரண்டு வருடமாகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் நாள் வந்து நின்றபோது, "எந்தக் காலேஜ் அண்ணாச்சி?" என்று கேட்டீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன், மிச்சத்தை செகந்திராபாத் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கிப் படித்தவன் என்றேன். எண்ணெய்ப் பிசுக்கு நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தீர்கள். "அப்ப நமக்குள்ள சண்டை நல்லா வரும். நானும் புக்கு படிச்சுக் கெட்டவன்தான்" என்றீர்கள். வாரம் ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டைக்காகவே வாரம் பிறந்தது போல எனக்கு இருந்தது.

செய்யும் பொருள் எதற்கு என்று கேட்கக் கூடாது, டிராயிங்கை நகல் எடுக்கக் கூடாது, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன். நாட்டுக்கான வேலை என்றால் வாயை மூடிக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு வருடம் முன்பு நீங்கள் கொண்டுவந்த டிராயிங்கில், உள்ளங்கை அளவு இரும்புத் தாங்கி ஒன்றின் உள்மூலை கத்தி மாதிரி கூராக இருந்தது. பாரம் ஏறினால் அங்கேதான் விரிசல் விடும் என்றேன்.

"ஹவ், ஆமா அண்ணாச்சி, தெரியுது. ஆனா ஆய்வகத்துல அப்ரூவ் ஆன டிராயிங். மாத்தினா மறுபடி கமிட்டி, மறுபடி மூணு மாசம். நக்கோ, வேணாம். அப்படியே வெட்டிக் குடுங்க."

வெட்டினேன். வெட்டுவதற்கு முன் டிராயிங்கின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன். எனக்குத் தடுமாறாமல் வருவது தமிழ் ஒன்றுதான். "உள்மூலைக்கு மூன்று மில்லி வளைவு கொடுக்காவிட்டால் விரியும்." கீழே என் பெயரைப் போட்டேன்.

சோதனையில் விரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அறிக்கையில் காரணம் "செய்நேர்த்திக் குறை" என்று எழுதி, வேலை கொடுக்கும் பட்டறைகளின் பட்டியலிலிருந்து என் பட்டறையை அடித்தார்கள். அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேரே இங்கே வந்தீர்கள்.

"ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு கமிட்டியில கேட்டாங்க அண்ணாச்சி. அங்க தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

"என்ன சொன்னீங்க?"

"டெலிவரி தேதி எழுதியிருக்கார்னு சொல்லிட்டேன்."

நான் லேத்தை நிறுத்தினேன்.

"டிராயிங்தான் தப்புன்னா இந்தக் கூட்டு வேலையே நின்னுடும். ஆறு பசங்களோட பிஎச்.டி. அதுல தொங்குது."

"எம்பேரு எதுல சார் தொங்குது? ஆணியிலயா?"

"ஒரு வருஷம் குடுங்க. ரிவ்யூ முடியட்டும். நானே எழுதித் திருத்தறேன்."

கொண்டுவந்து வைத்த டீயைத் தொடாமல் போனீர்கள். பிறகு நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் "எழுதியாச்சா?" என்று மட்டும் கேட்டேன். ஒரு கட்டத்தில் போன் நின்றது. உங்கள் அடக்கத்துக்கு வந்தேன், கல்லறைத் தோட்டத்து வாசலோடு திரும்பிவிட்டேன். அதற்கு நான் வருந்தவில்லை. வருந்தவில்லை என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

உறையைக் கொண்டுவந்தது சுவாதி. உங்கள் ஆறு பேரில் ஒருத்தி. இப்போது டாக்டர் சுவாதி, உங்கள் துறையிலேயே பாடம் நடத்துகிறாள். வீட்டில் தெலுங்கு. உங்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுகிறாள், படிக்கத் தெரியாது.

"சார் லாஸ்ட்டா சைன் பண்ண டிராயிங் இது, அங்கிள். உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னார்."

என் மூன்று மில்லியை அப்படியே எடுத்து மூலையைத் திருத்தினீர்கள், சார். அறிக்கையில் என்மேல் போட்ட அந்த வரியைத் திருத்தவில்லை. பட்டியலில் என்னை மறுபடி சேர்க்க அவள் கொண்டுவந்த படிவத்தில் அது ஆங்கிலத்தில் அப்படியே இருந்தது. "முந்தைய நிராகரிப்புக்குக் காரணம்: செய்நேர்த்திக் குறை. ஒப்புக்கொள்கிறேன், திருத்திக்கொண்டேன்."

"ஃபார்மாலிட்டிதான் அங்கிள். சைன் பண்ணா போதும். வேலை உங்களுதுதான்."

"செய்யாத குறையை நான் எப்படிம்மா திருத்திக்கிட்டேன்?"

அவள் விழித்தாள். அவளிடமும் நீங்கள் சொல்லவில்லை. எதிரி கையில் சிக்கக் கூடாது என்றுதான் அந்தப் பழைய டிராயிங் இருக்கும் கோப்பைப் பூட்டுகிறார்கள். உள்ளே பூட்டிக் கிடப்பது என் ஒரு வரி. அவளுடைய பட்டத்துக்கு அடியில் அந்த வரி கிடக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் நான் என்னவென்று சொல்வது?

"ஒப்புக்கொள்கிறேன்" என்பதைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்து இடத்தில், அன்று எழுதிய அதே வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பெயரைப் போட்டேன். சுவாதி குனிந்து பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்கீங்க அங்கிள்?"

டெலிவரி தேதி என்று என் வாயில் வந்துவிட்டது, சார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அவ்வளவு சுலபமாக வந்தது. உங்களுக்கும் அன்று இப்படித்தான் வந்திருக்கும்.

சொல்லவில்லை. "படிக்கத் தெரிஞ்சவங்களைக் கேட்டுக்கோம்மா" என்றேன். டிராயிங்கைத் திரும்ப உறையில் வைத்து, படிவத்தோடு எடுத்துக்கொண்டு போனாள். இப்போது அங்கே அதைப் படிக்க ஒருவரும் இல்லை; மாற்றிப் படிக்கவும் ஒருவரும் இல்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஆனால் "டெலிவரி தேதி" என்ற அந்த இரண்டு சொல் காலையிலிருந்து என் நாக்கிலேயே இருக்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.