கைதட்டி நடந்த தூரம்

அன்புள்ள கனகவள்ளிக்கு,

நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

உடம்புக்காகத் தினமும் நடந்தால்தான் பம்பாயில் வேலை பார்க்கலாம், இல்லையேல் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்றாய். நம் மகள் வாங்கித் தந்த மலிவுக் கடிகாரம் என் நடையை உன் போனில் காட்டுகிறது. ஆனால் சனிக்கிழமைக் கணக்கை நம்பாதே. இங்கே பக்கத்தில் சுனாபட்டியில் நடக்கும் பஜனையில் முதன்முறையாகக் கூச்சம் விட்டுக் கைதட்டினேன். கடிகாரம் ஒவ்வொரு தட்டலையும் காலடியாக எண்ணி, அன்றைய நடை இலக்கு முடிந்ததென்று அதிர்ந்தது. பயந்துபோய் நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னதும், பக்கத்தில் இருந்த சுடலைக்கண்ணன், "அண்ணாச்சி, சாமிகிட்டதான நடந்திருக்கிய! நிறுத்தாமத் தட்டுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அந்த நடை செல்லுமா என்று நீயே தீர்ப்புச் சொல்.

அங்கே பாடும் முருகன் பாட்டில், உனக்குத் தெரிந்ததுதான், இரண்டாம் வரி மட்டும் பிடிபடவில்லை. பாடிப் பதிந்து அனுப்பு. பஜனைக்குப் போகுமுன் ஒருமுறை, திரும்பி வந்தபின் ஒருமுறை கேட்பேன்.

கடைக்கு நேரமாயிற்று.

உன்
அய்யாத்துரை