சின்னக்கருப்பனின் ஒற்றை அடி

1978 ஜூலை 30, ஞாயிறு

"மணிச் சத்தம் முடிஞ்சதும் எங்க சார் போகுது?" ரஞ்சிதம் ஒருநாள் வகுப்பில் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஓய்வுபெற்று நான்கு வருடமாயிற்று. இன்னும் சொல்லவில்லை.

வரும் சனி, ஞாயிறு மாலை தேயிலை ஆலைக் கூடத்தில் கோலாலம்பூர் இசைக்குழு வாசிக்கிறது. நடத்த வந்திருக்கும் வெள்ளைக்காரர் தோட்டத்துத் துரையின் பங்களாவில் தங்கியிருக்கிறார். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு அழைக்க அடிக்கும் தண்டவாளத் துண்டின் சத்தத்தைக் கேட்டாராம். தம் இசையின் முடிவில் அது ஒரே ஒருமுறை ஒலிக்க வேண்டுமாம். அடிப்பவர் சின்னக்கருப்பன். மொழிபெயர்க்க நான்.

ஆகஸ்டு 1

"முடியாது லா, வாத்தியாரே. பெரட்டுக்கு இருவது அடி. ஒத்த அடின்னா லயத்து வீட்டுல சாவு. வெளையாட்டா இது?" என்றார் சின்னக்கருப்பன்.

"இருவது அடிக்கிறவனுக்கு ஒண்ணு வராதாய்யா?" என்று ஆபீஸ் கிராணி தங்கையா கேலி செய்தார். கடைசியாகச் சின்னக்கருப்பன் ஒற்றை அடி அடித்தது போன தை மாதம், தம் மனைவி நீலாவதிக்கு.

ஆகஸ்டு 3

ஒத்திகை. அந்த வெள்ளைக்காரர் கையை உயர்த்தினார். அறுபது பேரின் மூச்சும் உயர்ந்தது. ஒரு சத்தமும் எழுப்பாத கை! பால் பொங்கும் நொடிக்காக அடுப்படியில் நிற்பவளைப் போல அத்தனை கவனம்.

ஒற்றை அடி இங்கே எதற்கு என்று அவரிடம் விளக்கினேன். "அவர் வந்து நின்றால் போதும். அடிப்பது அவர் விருப்பம்" என்றார்.

"நிக்கிறேன். அடிக்க மாட்டேன்" என்றார் சின்னக்கருப்பன்.

ஆகஸ்டு 5, சனி

அடிக்கவில்லை. உயர்ந்த கை காத்திருந்து மெல்ல இறங்கியது. நடத்தியவர் சின்னக்கருப்பனைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.

வீடு வரும்வரை ஒரே பேச்சு: "கோவிக்கவே இல்லியே, வாத்தியாரே... தலைய வேற குனியிறாரு."

ஆகஸ்டு 6, ஞாயிறு

அடித்தார்.

பின்வரிசையில் கொழுந்து பறிக்கிறவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், சாவுக்கு எழுவது போலவே. என்னவென்று தெரியாமல் துரையும் எழுந்தார். நடத்தியவரின் கை இறங்கவே இல்லை. சத்தம் தகரக் கூரையில், சன்னல் கண்ணாடியில், என் நெஞ்செலும்பில்... அப்புறம்?

வெளியே பனியில் சின்னக்கருப்பன் சொன்னார்: "அன்னிக்கு அடிச்ச கையோட காரியம் பாக்க ஓடிட்டேன். முழுசா கேக்கல. இன்னிக்குத்தான் கேட்டேன்."

ஆகஸ்டு 7

ரஞ்சிதத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் எனக்கு இன்னும் தெரியாது, அம்மா. ஒரு வெண்கலக் கிண்ணத்தை ஒரே ஒருமுறை தட்டு. சத்தம் முழுதும் அடங்கும்வரை வேறெதுவும் செய்யாதே.