கூறைப்பட்டில் தைத்த வலை

என் தங்க அக்காவுக்கு,

உன் கருமாதிக்கு நான் வரவில்லை. பொன்னமராவதியில் நம் சனங்கள் என்னைத் திட்டிக்கொண்டே வடை பாயசம் சாப்பிட்டிருப்பார்கள். திட்டட்டும். ஏன் வரவில்லை என்று உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

கடலைப் படிக்கிற வேலை என்று நான் சொன்னபோது, "கடல்ல என்னடி எழுதியிருக்கு?" என்று கேட்டவள் நீ. கோட்டைப்பட்டினத்தில் எங்கள் ஆய்வு நிலையத்து ஆண்கள் படகில் போவார்கள். ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் பார்ப்பார்கள். வெள்ளைத் தட்டை இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற இடத்தை வைத்துத் தண்ணீரின் தெளிவைக் குறிப்பார்கள். பெண் என்பதால் நான் மட்டும் கரையில், மைக்ரோஸ்கோப்போடு.

நான் பார்ப்பது மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் நுண்ணுயிர்களை. அவற்றை வடித்தெடுக்கப் பட்டுத்துணியில் ஒரு வலை உண்டு. சட்டைக் கை மாதிரி போகப் போகக் குறுகும். நுனியில் கண்ணாடிக் குடுவை. அந்த வலை கிழிந்துபோனது. புதுத்துணி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. "வலை இல்லன்னா ஒங்களுக்கு இங்க வேலை இல்லம்மா" என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

அழுதுகொண்டு ஊருக்கு வந்தேன். நீ டிரங்குப் பெட்டியைத் திறந்து, அத்தான் இறந்த அன்றைக்கு மடித்துவைத்த கூறைப்பட்டை எடுத்தாய்.

"இந்தா, வெட்டிக்க."

"அக்கா, கூறைச் சேலைக்கா!"

"நான் கட்டக் கூடாதுன்னுட்டாக. கடலாவது கட்டிக்கிடட்டும்."

கத்தரிக்கோலைக்கூட என்னிடம் தரவில்லை, நீயே வெட்டி வலையாகத் தைத்தாய்.

ஆனால் கல்யாணப் பட்டு நெருக்கமாக நெய்தது என்பது நம் இருவருக்குமே உறைக்கவில்லை. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் வலை பானையாக உப்பி, போன படகையே பிடித்து நிறுத்திவிட்டது. ஆண்கள் சிரித்துக்கொண்டே கரையேறினார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டு மறுபடியும் உன்னிடம் ஊருக்கு வந்தேன். நீயோ, "நெருக்கமா இருந்தா இழையை உருவிட்டாப் போச்சு" என்றாய். ஊசி முனையால் ஒன்றுவிட்டு ஓர் இழையாக உருவினாய். மிச்ச இழைகள் நகராமல் இருக்கக் கட்டம் கட்டமாக ஓட்டுத்தையல் போட்டாய். அதன்பிறகு வலை வடித்தது. அதை உன்னிடம் சொல்ல நான் புறப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் தந்தி வந்தது. மஞ்சள்காமாலைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கத் தெரியாதா அக்கா?

உன்னை எரித்துவிட்டு வந்த கையோடு சித்தப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். கூறைச் சேலை எங்கே என்று கேட்டார். சொன்னேன். "வலையா இருந்தா என்ன, கொண்டா. கருமாதி அன்னைக்குத் தீயில போட்டாத்தான் அவ ஆத்மா அடங்கும்" என்றார். நீ உயிரோடு இருந்தவரை ஒரு கல்யாண வீட்டு வாசலில் உன்னை நிற்கவிடாதவர் அவர். செத்தபிறகு உன் சேலைமேல் என்ன பாசம்! தர முடியாது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

விட்டாரா? கருமாதிக்கு முதல்நாள் பஸ் மாறி மாறிக் கோட்டைப்பட்டினத்துக்கே வந்துவிட்டார். அப்போது வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் வருவதைப் பார்த்ததும் வலையோடு நானும் ஏறி உட்கார்ந்தேன். படகோட்டி காதர் அண்ணன் பதறிப்போனார்.

"எறங்கும்மா. பொம்பள ஏறுனா கடல் வறண்டுரும்பாக."

"வறண்டா நடந்தே திரும்பிருவோம். தள்ளுங்கண்ணே!"

அவர் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தள்ளிவிட்டார். நம் கடல்தான் வெகுதூரம் முழங்கால் ஆழமாயிற்றே, சித்தப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் துரத்தினார். "ஏய் வள்ளிக்கண்ணு! குடும்ப மானத்த வாங்காத, அங்கிட்டுப் போகாத!" என்று கத்தினார். ஒரு கால் சேற்றில் புதைந்து நின்றுவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் திரும்பவில்லை.

முதல் முறையாக வலைக்கயிற்றை நான் பிடித்தேன். குமட்டி வாந்தி எடுத்தேன், உள்ளங்கை உரிந்தது, கயிற்றை மட்டும் விடவில்லை. சாயங்காலம் குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். கண்ணாடித் துண்டுகளுக்கு உயிர் வந்ததுபோல என்னென்னவோ நெளிந்தன. உன்னை ஒருமுறை அதைப் பார்க்க வைத்திருக்கக் கூடாதா நான்? மறுநாள் அங்கே உனக்குப் படையல் போட்டபோது, நான் இங்கே உட்கார்ந்து அவற்றைப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

யாரைக் கேட்டுப் படகில் ஏறினேன் என்று அதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். வலை என் அக்காவுடையது, அது போகிற இடத்துக்கெல்லாம் நானும் போவேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாராம். பதில் வரும்வரை காத்திருக்க நான் தயாரில்லை. அடுத்த படகிலும் போவேன்.

இந்த வலை ஒருநாளும் தீக்குப் போகாது அக்கா, சத்தியம். கிழிந்தால் ஒட்டுப் போடுவேன். என் திமிரை அடக்க மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். எனக்குக் கூறைப்பட்டு எடுக்கப் போகும்போது, இழை நெருக்கமில்லாமல், தண்ணீர் வடிகிற மாதிரி எடுக்கச் சொல்லப்போகிறேன்.

உன் கூடப்பிறந்தவள், உனக்கு அடங்கி மற்ற யாருக்கும் அடங்காத தங்கச்சி,
வள்ளிக்கண்ணு