‘ட்யூ டு’வுக்குப் பின்னால் வந்த சொல்

3-8-87, திங்கள்

காலையிலேயே வெயில். ஆவடியிலிருந்து பாடி வரை பஸ்ஸில் நின்றபடி. வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய் 5 லி., சின்னவளுக்கு சிலேட்டு. இரண்டும் வாங்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு ஃபாக்டரியில் இரண்டாம் நம்பர் பிரஸ் சட்டென்று நின்றது. காதருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பூந்தமல்லிக்காரர், எட்டு வருடமாக அதே மிஷினில் தகடு அடிக்கிறவர்.

அதில் கை உள்ளே போகாமல் மறிக்கும் கம்பி வலை இல்லை. போன வியாழன் உடைந்து, கழற்றினார்கள். “புதுசு வர்ற வரைக்கும் அப்டியே ஓட்டு” என்று சூப்பர்வைசர் தனபால் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வலை கழற்றியதைக் குறித்த சீட்டை டைப் அடித்ததும் நான்தான்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

4-8, செவ்வாய்

மேகமூட்டம், புழுக்கம். மேனேஜர் விபத்து அறிக்கையை இங்கிலீஷில் சொல்ல, எழுதிக்கொண்டேன். விபத்து நடந்தது ‘ஓயிங் டு’ தொழிலாளியின் கவனக்குறைவு.

தனபால்: “சார், ‘ட்யூ டு’ன்னு வரணும் இல்ல?”

பத்து நிமிடம் இதே பேச்சு. கடைசியில் என்னைக் கேட்டார்கள். டைப்பிங் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன்: இரண்டுக்கும் ‘காரணமாக’ என்றுதான் பொருள், முன்னால் ‘வாஸ்’ வந்தால் ட்யூ டு. “வெரி குட்” என்று ‘வாஸ் ட்யூ டு’ ஆக்கச் சொன்னார் மேனேஜர்.

அதற்குப் பின்னால் யாருடைய பெயர் வருகிறது என்று ஒருவரும் பேசவில்லை. நானும்தான்.

ஒரிஜினல் ஒன்று, கார்பன் மூன்று. ஒரு எழுத்துப் பிழை இல்லை. வெட்கமாக இருக்கிறது.

5-8, புதன்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. காதர் கையில் பெரிய கட்டு. அவர் மனைவி நசீமா வெளியே இழுத்துப்போய்ச் சொன்னாள்: “பொழுதுக்கும் என் தப்பு, என் தப்புன்னுகினு கெடக்குறாருக்கா. சூப்பர்வைசர் வந்து சொல்லிட்டுப் போனதுலேர்ந்து இப்டித்தான் கீறாரு.”

உள்ளே போனதும் காதர் கேட்டார். “பேப்பர்ல இன்னாக்கா எய்திகீறாங்க? நாளைக்கு எடுத்துகினு வராங்களாம். எடது கட்டை விரலு வைக்கணுமாம்.”

படித்த மாதிரியே சொன்னேன். ட்யூ டு என்றால் என்ன என்றும்.

“அப்ப என்னாலதான்.”

“வலை இருந்திருந்தா கை உள்ள போயிருக்குமா?”

கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “போயிருக்காது.”

“அப்ப விரல் வைக்காதீங்க.”

சொல்லிவிட்டேன்.

6-8, வியாழன்

காலையில் என் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். தன் ஃபாக்டரிக்குக் கிளம்பி, ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். “வேலைக்கு ஆபத்து வரும்” என்றார். பிறகு வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “அந்த வலைச் சீட்டு எங்க இருக்கு?” என்றார். ஃபைலில். “அதப் பத்திரமா வச்சுக்க.”

ஆபீசில் தனபால் முகம் சரியில்லை. காதர் விரல் வைக்க மறுத்துவிட்டாராம். “எவனோ ஏத்தி உட்டுகீறான் சார்.” நான் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

7-8, வெள்ளி

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். வயதானவர், இருமல். அறிக்கையைப் படித்துவிட்டு, “மிஷின் சம்பந்தமா வேற பேப்பர் ஏதாவது இருக்கா?” என்றார். மேனேஜர், “இல்ல சார்.”

எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “இருக்கு சார்.” சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

“இது யாரு அடிச்சது?”

“நான்தான் சார். அந்த அறிக்கையும் நான்தான். அதுல காரணம் தப்பு.”

இன்ஸ்பெக்டர் சீட்டைத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். வலை மாட்டாமல் பிரஸ்ஸை ஓட்டக்கூடாது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஜீப் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திங்கள் முதல் வர வேண்டாம். ஒன்பது வருடம். மேஜையில் என்னுடையது ஒரு டம்ளரும் குடையும்தான்.

8-8, சனி

மத்தியானம் ஒரு பாட்டம் மழை. வீட்டுக்காரரும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வேலை போனதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். காதருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். “உன்னை இட்டாந்து மாட்டி உட்டுட்டேனேக்கா.”

“நீங்க இல்ல. நானாத்தான் எழுந்து நின்னேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார்: “எதால நடந்துச்சுன்னு தமிழ்ல எய்திக் குடுக்கா.”

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ‘கம்பி வலை இல்லாததால் விபத்து நடந்தது.’ இடது கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். நசீமாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.