யூரியா சாக்குக்குள் ஒரு கால்

என் கோபக்கார அக்கா செல்லம்மாவுக்கு,

நேற்று ஒரு கூட்டத்தில் உன்னைப் போலவே மேசையைத் தட்டிப் பேசிவிட்டு வந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நாங்கள் செய்த செயற்கைச் சவ்வைப் பற்றித்தான் கூட்டம். ஆறாத புண்ணில் வைத்தால், பந்தலைப் பிடித்துக் கொடி ஏறுகிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு புதுத்தோல் வளரும். அப்புறம் சவ்வு தானே கரைந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் மாரடித்து, இப்போதுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது.

நன்னிலம் பக்கமிருந்து மாரியாயி என்று ஒரு அம்மா வந்தார். காலில் நாள்பட்ட புண். சவ்வை வைத்து, தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினோம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவு யாருக்காகக் காத்திருக்கும்? யூரியா சாக்கின் உள்பையைக் காலில் மாட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பெருமை.

"ஒரு சொட்டுத் தண்ணி படலீங்க டாக்டரம்மா. பிரிச்சுத்தான் பாருங்களேன்!"

பிரித்தேன். வயல் தண்ணீர் படவில்லைதான். உள்ளே வேர்த்து ஊறி, சவ்வு ஓரமெல்லாம் விட்டுப் போயிருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுபடி கட்டுப்போட்டு அனுப்பினேன்.

கூட்டத்தில் ஒரு பெரிய டாக்டர் சொன்னார்: "ஆய்வுப் பட்டியல்லேர்ந்து அந்தம்மா பேர எடுத்துடுங்க. இனிமே வயல் வேலைக்காரங்களே வேணாம். ஒத்துழைக்க மாட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. உன் கால்தான் நினைவுக்கு வந்தது. நம் ஆட்சி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்த வருஷம்தானே நீ அடிபட்டாய்? கூலியைக் கூட்டிக் கேட்டதற்குப் பண்ணையார்கள் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். நீங்களெல்லாம் வரப்பில் மறித்து நின்றீர்கள். உன் முழங்காலுக்குக் கீழே இரும்புக் கம்பி இறங்கியது. புண் ஆறவே இல்லை. மூன்று மாசம் சேற்றில் இறங்காதே என்றார்கள் ஆஸ்பத்திரியில். நீ வாழைச்சருகைச் சுற்றிக்கொண்டு இறங்கினாய். சீழ் ரத்தத்தில் ஏறி நீ போனபிறகு உன் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தேன். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தது. மூன்று மாசம் எதைச் சாப்பிடுவாய் என்று அவர்களில் ஒருத்தராவது கேட்டார்களா?

"மாரியாயி பேரு இருக்கும் சார்," என்றேன். "ரிப்போர்ட்ல புண்ணு ஆறலேங்கிறதும் இருக்கும். தோத்தது நம்ம சவ்வு."

"பணம் போடுற கம்பெனி பின்வாங்கிடும். வருஷக்கணக்கா தள்ளிப்போகும்மா."

"போகட்டும். சேத்துல நிக்காத காலுக்கு மட்டும்னா, இதத் தஞ்சாவூர்ல எதுக்கு சார் வச்சுப் பாக்கணும்?"

அப்போதுதான் மேசையைத் தட்டினேன். முடிவு எதுவும் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் என் பேரையே எடுத்தாலும் எடுப்பார்கள். பயமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனாலும் மாரியாயி கட்டி வந்த பையைக் கழுவி என் மேசைமேல் வைத்திருக்கிறேன். வேர்வை வெளியேற வேண்டும், சேறு உள்ளே வரக்கூடாது. சவ்வுக்கு அப்படி ஒரு ஓரம் செய்ய இன்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். நான் கையெழுத்துப் போடும் எந்தச் சீட்டிலும் 'ஒத்துழைக்கவில்லை' என்ற அந்த வரி இருக்காது. நம் சனங்கள் ஒத்துழைத்தது போதும். இனி அந்தச் சவ்வு சேற்றோடு ஒத்துழைக்கட்டும். அதுவரை நான் விடமாட்டேன்.

உன்னை மாதிரியே அடங்காத
உன் தங்கச்சி,
மலர்