வடசேரி ஏழு பேர், தென்சேரி ஏழு பேர்

லண்டன்
25.03.1990

அன்புள்ள மூர்த்தி மாமாவுக்கு,

பீற்றிஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி? அப்பா போய் இரண்டு வருடமாகியும் கல்லடி வளவையும் ஆறு வாடகை வீட்டையும் உங்கள் சொந்தம்போலப் பார்க்கிறீர்கள். அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே நாங்கள் குடியிருக்கிற வாடகைக் கட்டடத்தில் பருவத்துக்கு ஒரு கூடல் வைக்கிறார்கள். யார் வருவார், யார் என்ன செய்வார் என்று முன்கூட்டியே தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுவார்கள். எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்தது. பொங்கல், சித்திரை வருசம், வைகாசியில் கொம்பு இழுத்தல், மார்கழியில் கிறிஸ்து பிறந்த நத்தார் என்று குடியிருக்கிறவர்களை வருடத்துக்கு நாலு தடவை முற்றத்தில் கூட்டினவர். அதை நீங்கள் திரும்பத் தொடங்கவேண்டும், மாமா. முதலில் கொம்பு. இரண்டு பக்கத்துக்கும் பனியன் அனுப்புகிறேன், சிவப்பில் ஏழு, நீலத்தில் ஏழு. ஆண்களின் பேர், வயது, எந்தப் பக்கம் என்று எழுதுவித்து ஒரு தாளை நீங்கள் வைத்துக்கொண்டு ஒரு பிரதியை எனக்குப் போடுங்கள். பார்சல் வரும்வரை பொறுங்கள். எல்லாரும் பனியனோடு நிற்கிற படம் ஒன்று எனக்கு வேண்டும்.

உங்கள் அன்பு மகள்
பீற்றிஸ்


கல்லடி
20.04.1990

மகள் பீற்றிஸுக்கு, வினாயகமூர்த்தி சொல்லி எழுதுவிச்சது.

உங்கட காயிதம் கிடைச்சது. இடுப்பு கிடக்கு அதுபாட்டுக்கு. பெண்சாதி போன காலம் துவங்கி மூணாம் வீட்டு அன்னப்பூரணிதான் எனக்குச் சோறு போடுறா, அதால உடம்புக்குக் குறை இல்ல.

பேரைத் தாளில எழுதச் சொல்றீங்க. என்னத்துக்கு மகள்? ஆறு வீட்டிலயும் ஆர் ஆர் இருந்தாங்க, எந்த மாசம் வந்தாங்க, சூறாவளி வருசம் எந்தக் கூரை முதல்ல பறந்தது, எல்லாம் என்ட தலைக்குள்ள கிடக்கு. எழுத்துத் தெரியாதவனுக்குத் தலைதான் கொப்பி. ஆனா நீங்க ஆசைப்பட்டுக் கேட்டபடியால் அன்னப்பூரணிட புருசன் அழகரத்தினம் மாஸ்டரைக்கொண்டு எழுதுவிச்சிற்றன். இந்தக் காயிதம் எழுதுறவரும் அவர்தான். பதினாலு பேர். வடசேரிக்குத் தலைவர் முதலாம் வீட்டுத் தச்சன் பிலிப்பு. தென்சேரிக்கு மாஸ்டர் தன்ட பேரைத் தானே போட்டுக்கிட்டார். நடுவுக்கு நிக்கிறவனுக்குப் பேர் தேவையில்ல எண்டு என்ட பேரை எழுதவேண்டாம் எண்டன். பிரதி இதோட வருது. மத்தத் தாளைக் கற்பூரத் தட்டுக்குக் கீழ வைச்சிரிக்கன்.

வைகாசியில இழுக்கிறதை உங்கட பார்சலுக்காக ஆனிக்குத் தள்ளிப்போட்டம். வைகாசியில இழுத்து முடிஞ்சிருந்தா தாளை அடுப்புக்குள்ள போட்டிருப்பன். இப்ப ஒரு மாசம் கூடுதலா அதைக் காக்கவேணும்.

பொம்புளையளுக்கு என்ன வேலை எண்டு அன்னப்பூரணி கேட்டா. பலகாரம் சுடுங்க எண்டன். நாங்க இழுத்தாக் கொம்பு முறியாதோ எண்டா. பொம்புள கொம்பு இழுத்த வளவை நான் காணல்ல எண்டு சொல்லிற்றன்.

இப்படிக்கு
வினாயகமூர்த்தி (கைநாட்டு)

(அக்கா, மாமா சொன்னது இதைப்போல ரெண்டு மடங்கு. பாதியை நான் வெட்டிற்றன். உங்கட பிள்ளைகளுக்குக் கொம்பு எண்டால் என்னவெண்டு விளங்காது: வளைஞ்ச ரெண்டு கம்பை ஒண்டுக்குள்ள ஒண்டு கொளுவி, வடம் கட்டி, ரெண்டு பக்கமும் இழுக்கிறது. எவர்ர கொம்பு முறியுதோ அவருக்குத் தோல்வி, மற்றப் பக்கத்தார்ர வசையையும் கேக்கவேணும். – அழகரத்தினம்)


கல்லடி
04.11.1990

மகள்,

எழுத்து மாறினதைக் கண்டிருப்பீங்க. அன்னப்பூரணி எழுதுறா. தபால் ஓடல்ல, கொழும்புக்குப் போற பாதரிட்டக் குடுத்துவிடுறம்.

ஆனியில சண்டை துவங்கிற்று. கொம்பு இழுக்கல்ல. ஆவணி பிறந்து ஏழாம் நாள் விடியக்குள்ள ஆமி வளவைச் சுத்தி வளைச்சது. தாளில உள்ள பதினாலு பேரில ஒம்பது பேர் இருந்தாங்க, மத்தவங்க சண்டைக்குப் பயந்து முதலே வெளியில போயிற்றாங்க. ஆத்தங்கரையில முட்டுக்காலில இருத்தினானுகள். கொம்புத் தாள் அவனுகள்ட கையில ஆம்பிட்டுது. ரெண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு தலைவர், கீழ வயசோட பொடியன்கள். இயக்கத்துப் பட்டியல் எண்டானுகள். விளையாட்டுக்கு எழுதினது எண்டு மாஸ்டர் சொன்னார். ஒருத்தனும் கேக்கல்ல.

பிலிப்பு செதுக்கி வைச்ச கொம்பைத் தூக்கிவந்து, இது என்ன ஆயுதம் எண்டு கேட்டு, அதாலயே பிலிப்புட முழங்காலில அடிச்சானுகள். எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. கொம்பு முறியல்ல. மறுகா நாலாம் வீட்டுக் கனகசிங்கத்தார்ர மகன், பத்தொம்பது வயசு, எழும்பி ஆத்துக்குள்ள பாஞ்சான். நல்லா நீந்துற புள்ள. மூணு வெடி. ஆத்தோரக் கண்ணா மரத்து வேரில தலை கொளுவி நிண்டிச்சு. தகப்பன்ட கண்ணுக்கு முன்னால.

மத்த எட்டுப் பேரையும் கையைப் பின்னால கட்டி ட்ரக்கில எறிஞ்சானுகள். நான் மறிச்சன். துவக்குப் பிடியால இடிச்சதில பல்லு ரெண்டு போயிற்று. கிழவன் எண்டு விட்டிற்றானுகள். தாளில என்ட பேரும் இல்ல.

அன்னப்பூரணியும் நானும் பதினொரு நாள் தேடினம். ரெண்டு இடத்தில டயர் போட்டு எரிச்சிருந்திச்சு. கம்பியும் எலும்பும் ஒண்டாக் கிடந்திச்சு. அவ தடியால கிளறினா. மாஸ்டருக்கு ஒரு பல்லு பொன் கட்டினது. அதைக் காணல்ல, அவர் இதில இல்ல எண்டு சொல்லிற்று எழும்பினா.

அஞ்சாம் வீட்டு றஸீனா குடும்பமும் பயத்தில காத்தான்குடிக்குத் தங்கட சனத்திட்டப் போயிற்று. நத்தார்க் கூடலுக்கு என்ன ஆயத்தம் எண்டு கேட்டிராதீங்க.

வினாயகமூர்த்தி (கைநாட்டு)


லண்டன்
12.12.1990

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். பிறகும் உட்கார முடியவில்லை. அந்தப் பிரதி என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. மாஸ்டரின் அழகான எழுத்து. திறக்கப் பயமாயிருக்கிறது.

எழுதச் சொன்னது நான். பொறுங்கள் என்றதும் நான். அதை நினைக்காத நாள் இல்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும், கோபிக்காதீர்கள். தட்டுக்குக் கீழே இருந்த தாள் அவர்கள் கையில் எப்படிப் போனது? வீட்டைக் கிளறினார்களா? இங்கே காணாமல்போனவர்களுக்காக மனுக் கொடுக்கிற ஆட்கள் ஒவ்வொன்றையும் விபரமாகக் கேட்கிறார்கள். ட்ரக்கின் நம்பர் தெரியுமா என்றும் கேட்டார்கள்.

பீற்றிஸ்


கல்லடி
08.06.1991

மகள்,

உங்கட கேள்விக்கு ஆறு மாசம் மறுமொழி சொல்லல்ல. சொல்லி எழுதுவிக்க எனக்கு அன்னப்பூரணியை விட்டால் ஆளில்ல. அதுதான் காரணம்.

போன கிழமை உங்கட பார்சல் வந்தது, உடைச்சுப் பார்த்துக் கட்டினபடி. சிவப்பு ஏழு, நீலம் ஏழு. அன்னப்பூரணி பனியனைப் பார்த்திற்று, வைகாசி முடியமுதல் கொம்பு இழுக்கவேணும் எண்டா. ஆர் இழுக்கிற எண்டன். நாங்க எண்டா. பதினாலு பொம்புளையள் சட்டைக்கு மேல பனியனைப் போட்டாங்க. தாள் இல்ல. நான் நடுவில நிண்டு பேரைக் கூப்பிட்டன். வடசேரித் தலைவர் பிலிப்பு எண்டன், பிலிப்புட பெண்சாதி செசீலியா வந்து வடத்தைப் பிடிச்சா. அழகரத்தினம் எண்டன், இவ வந்து பிடிச்சா. வெடிபட்ட புள்ளைட பேருக்குத் தாய் வந்தா. பதினாலு பேரும் ஒழுங்கு மாறாமல் வந்தது.

அண்டைக்கு அவ்வளவு அடிச்சும் முறியாத கொம்பை இவங்க இழுத்து முறிச்சாங்க. ஒருத்தரும் வசை பாடல்ல. எல்லாரும் மண்ணில விழுந்து கிடந்தாங்க. அதைப் பார்த்த பிறகு இதை நெஞ்சுக்குள்ள வைச்சிருக்க ஏலாது.

அவனுகள் வீட்டைக் கிளறல்ல, மகள். இங்க ஆர் ஆர் இருக்கிற எண்டு என்னிட்டக் கேட்டானுகள். என்ட தலைக்குள்ள எல்லாப் பேரும் இருந்திச்சு. சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் விட்டிருக்கலாம். ஆனா எழுத்தறியாதவன்ட வாயை ஆர் நம்புவான் எண்டு நினைச்சன். சீவியம் முழுக்க எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் தாள் இருக்கா, தாள் இருக்கா எண்டுதான் கேட்டானுகள். வாத்தியார் எழுதின தாள், அதைக் கண்டால் மதிப்பானுகள் எண்டு நானே ஓடிப்போய்த் தட்டைத் தூக்கி எடுத்துவந்தன். ரெண்டு கையாலயும் குடுத்தன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் கண்டவர். கடைசி மட்டும் ஒருத்தருக்கும் சொல்லல்ல.

அன்னப்பூரணி, நிப்பாட்டாத மகள். இதையும் எழுது. குடுத்தது நான்தான்.

வினாயகமூர்த்தி (கைநாட்டு)


அக்கா, அன்னப்பூரணி எழுதுறன்.

மேல இருக்கிறது அவர் சொன்னபடி. ஒரு சொல்லும் வெட்டல்ல. ரெண்டு தரம் பேனையை வைச்சிற்று ஆத்தங்கரைக்குப் போனன். திரும்பி வரக்குள்ள அதே கதிரையில அப்படியே இருந்தார்.

மறுகா ட்ரக் நம்பரைக் கேட்டன். அவருக்கு எழுத்தும் தெரியாது, இலக்கமும் தெரியாது. ஈர்க்கு எடுத்து, கண்ட உருவத்தை மண்ணில கீறினார். கோடு, சுழி, கொக்கி. நான் வாசிச்சன். அழிச்சிற்றுத் திரும்பக் கீறச் சொன்னன். மூணு தரமும் அதே இலக்கம். அதை இதில எழுதமாட்டன். கேக்கிறதுக்கு ஒரு ஆள் நேரில வரும் மட்டும் அது அவர்ர தலைக்குள்ள கிடக்கட்டும்.

மன்னிச்சிட்டியோ எண்டு நீங்க கேக்கவேண்டாம். எங்கிட்ட அது இல்ல. ஆனா அவர் சாகக்கூடாது.

லாச்சிக்குள்ள கிடக்கிற பிரதியைக் கொளுத்துங்க. இனிக் கூடலுக்கு ஒண்டும் எழுதி அனுப்பவேண்டாம். உலை கொதிக்குது, அவருக்கு நேரத்துக்குத் தின்னக் குடுக்கவேணும்.

அன்னப்பூரணி